மூன்றாம் ஓலை

கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டால் மனசு லேசாகிவிடும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியவில்லை. செம்பாக்கம் ஏரிக்குப் பின்பக்கம் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து மிக்ஸட் மீடியா ஓவியப் பட்டறை நடத்தும் சிநேகா அதை வேதவாக்காகவே நம்பினாள். சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மூங்கில் கூடையோடு வாசலிலேயே நின்றாள். "ரெண்டு நாள் நோ போன். நாளைக்கு லஞ்சுக்கு அப்புறம்தான் தருவேன்" என்றாள். வந்திருந்த எட்டுப் பேரில் ஏழு பேர் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார்கள். அபிகாயில் மட்டும் கூடைக்கு மேலே கையை நீட்டியபடி நின்றாள். பக்கத்திலிருந்த ஜெனி, அவள் விரல்களிலிருந்து போனை மெதுவாக உருவி உள்ளே போட்டாள்.

"பேசாம வாடி. கல்யாணப் பொண்ணு, ரெண்டு நாள் ராணி மாதிரி இரு."

அபிகாயிலுக்கு இருபத்தெட்டு வயது. சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஜெனியும் சுஜியும் கல்லூரி நாளிலிருந்து அவளுடைய தோழிகள். இன்னும் மூன்று வாரத்தில் ஜெனியின் அண்ணன் ஜோனத்தானுக்கும் அபிகாயிலுக்கும் கல்யாணம். தோழியே நாத்தனாராக வாய்ப்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும், கொடுத்து வைத்தவள் என்று சபையில் எல்லோரும் சொன்னார்கள். கொடுத்து வைத்தவளுக்குத்தான் ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை.

ஜோனத்தானிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் சிக்கலே. குடிக்கிறான், அடிக்கிறான், வேறு பெண்ணோடு சுற்றுகிறான் என்றால் ஊரே அவள் பக்கம் நின்றிருக்கும். அவனோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருகிறவன், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவன், தினமும் எட்டு மணிக்கு போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்கிறவன். அவன் பேசும்போதெல்லாம் அபிகாயில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். அதை ஒரு காரணம் என்று எந்த வீட்டில் ஒப்புக்கொள்வார்கள்?

அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறது, தடை ஏதாவது இருப்பதாகத் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் ஆராதனை நடுவில் படிப்பார். யாரும் எதுவும் தெரிவிக்கமாட்டார்கள். மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் தாலி கட்டாத குறைதான். அபிகாயிலுக்கு இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவது ஓலை நாளைக்குக் காலையில்.

அம்மாவிடம் சொல்லலாம் என்று இரண்டு வாரமாக ஒவ்வொரு நாளும் நினைத்தாள். ஒவ்வொரு நாளும் அம்மா ஒரு புடவையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில், சனிக்கிழமை சாயந்தரம் போதகருக்கே போன் செய்து சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினாள். சனிக்கிழமை காலை விடிந்ததும் விடியாததுமாக ஜெனியும் சுஜியும் வாசலில் வந்து நின்று "சர்ப்ரைஸ்!" என்று கத்தினார்கள். பை கூட ஜெனியே அடுக்கிவிட்டாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எங்கே போகிறோம் என்றே சொன்னார்கள்.

கூடத்தில் நீள மேஜை. அதன்மேல் பழைய செய்தித்தாள், துணிக் கிழிசல், சணல், உடைந்த வளையல், ரயில் டிக்கெட், கோந்து டப்பா, வெள்ளைப் பூச்சு. ஆளுக்கொரு மரப்பலகை. கிழித்து ஒட்ட வேண்டும், அதன்மேல் வண்ணம், அதன்மேல் மறுபடியும் ஒட்டு.

"தப்புன்னு ஒண்ணுமே கிடையாது. பிடிக்கலைன்னா மேல இன்னொரு லேயர் போட்டு மூடிடுங்க" என்றாள் சிநேகா.

சொல்வதற்கென்ன, சுலபமாகத்தான் இருந்தது.

அபிகாயில் முன்னால் ஜெனி காகிதக் கட்டு ஒன்றை வைத்தாள். கல்யாணப் பத்திரிகைகள். அச்சகத்தில் மாதிரிக்கு அடித்துக் கொடுத்த பத்துப் பதினைந்து. "இதை ஒட்டிப் பண்ணு. உங்க புது வீட்டு ஹால்ல மாட்டலாம்" என்றாள். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் "ஆ, எவ்வளவு ஸ்வீட்!" என்றார்கள். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்திருந்த ரமா மாமி எழுந்துவந்து அவள் தாடையைத் தொட்டு விரல் நுனியை முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

வேறு வழி? அபிகாயில் ஒட்டினாள். தன் பெயரையும் அவன் பெயரையும் தன் கையாலேயே கோந்து தடவி, காற்று நிற்காமல் நீவி ஒட்டினாள். பிறகு தூரிகையை வெள்ளைப் பூச்சில் தோய்த்து அதன்மேல் தடவ ஆரம்பித்தாள். ஒருமுறை தடவினாள். பெயர் லேசாகத் தெரிந்தது. இன்னொருமுறை தடவினாள். மூன்றாம் முறை தடவியதும் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு மாதத்தில் முதல்முறையாக மூச்சு சீராக வந்தது.

ஜெனி வந்து நின்று பார்த்தாள். ஈரத்துணி ஒன்றை எடுத்துவந்து, காய்வதற்குள் அந்த வெள்ளையைத் துடைத்தாள். கண்ணாடி துடைக்கிற மாதிரி பொறுமையாக, மூலை மூலையாகத் துடைத்தாள். இரண்டு பெயர்களும் திரும்ப வெளியே வந்தன.

"பேரு தெரியணும்ல, அபி" என்று சிரித்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அபிகாயில் சிநேகாவிடம் போய், அம்மாவுக்கு ஒரே ஒரு போன் பண்ண வேண்டும் என்றாள். சிநேகா பதில் சொல்வதற்குள் ஜெனியின் குரல் வந்தது. "ஆன்ட்டிகிட்ட நான் காலைலயே சொல்லிட்டேன். அவளைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு. நீ கவலையே படாத." சிநேகா நிம்மதியாகத் தலையாட்டினாள். இப்படி ஒரு தோழி கிடைத்தால் போன் எதற்கு என்பதுபோல் பார்த்தாள்.

சுஜியைத் தனியாகப் பிடித்து, கல்யாணம் வேண்டாம் என்று சொன்னபோது சுஜி வெலவெலத்துப் போனாள். "ஐயையோ, என்னை நடுவுல இழுக்காதடி. எனக்கு நீயும் வேணும், அவளும் வேணும்" என்று தூரிகை கழுவப் போய்விட்டாள். இருதலைக்கொள்ளி எறும்பு, அவளையும் குற்றம் சொல்ல முடியாது.

சாயந்தரம் டீயை எடுத்துக்கொண்டு அபிகாயில் மாடிக்குப் போனாள். ஜெனி அங்கே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாதிக்கு ஆகாயத்தாமரை. இனிமேல் சுற்றி வளைத்துப் பயனில்லை என்று அபிகாயிலுக்குத் தோன்றியது.

"ஜெனி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லாத."

"என்னன்னே தெரியாம..."

"தெரியும்டி." ஜெனி திரும்பவில்லை. "ரெண்டாவது ஓலை வாசிச்சப்போ கோயில்ல எல்லாரும் திரும்பி உன்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. நீ பாட்டுப் புஸ்தகத்தையே பார்த்துட்டு இருந்த. அன்னைக்கு சாயந்தரமே சிநேகாவுக்கு போன் பண்ணி இந்த வாரத்துக்கு புக் பண்ணிட்டேன்."

"போனை வாங்கி வெச்சிடுவாங்கன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான்."

பத்து வருஷமாகத் தன் ரகசியம் எல்லாவற்றையும் கொட்டி வைத்த இடத்திலிருந்து ஒரு பூட்டு வெளியே வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"மூணு வருஷம் முன்னாடி அந்த வேளச்சேரிப் பொண்ணு இப்படித்தான் பண்ணா" என்றாள் ஜெனி. "ரெண்டு ஓலை வாசிச்சாச்சு, வேணாம்னுட்டா. அண்ணன் ஒன்றரை வருஷம் கோயில் வாசப்படி மிதிக்கல. ஆபீஸ் போவான், வருவான், கதவைச் சாத்திப்பான். உன் பேரைச் சொன்ன அப்புறம்தான் அவன் எங்களோட உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சான். இன்னொரு தடவைன்னா அவன் தாங்கமாட்டான், அபி."

"நான் தாங்குவேனா?"

"உனக்குப் பழகிடும். யாருக்குத்தான் முதல்லயே பிடிக்குது? நாளைக்கு ஒரு காலைப்பொழுது மட்டும் போகட்டும்."

"நீ என் ஃப்ரெண்டு ஜெனி."

"அவன் என் அண்ணன்."

ஜெனியின் கண்ணில் தண்ணீர் நின்றது. நடிப்பில்லை, நிஜமான தண்ணீர். அழுகிற ஜெயிலரிடம் எப்படிச் சண்டை போடுவது? அபிகாயில் கீழே இறங்கிப் போனாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்து கேட்டுக்குப் போனாள். கேம்ப் ரோடு வரை நடந்தால் ஆட்டோ கிடைக்கும், கால் மணி நேரத்தில் கோயிலுக்குப் போய்விடலாம். கேட்டில் பூட்டுத் தொங்கியது. வாட்ச்மேன் பொன்னுரங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"சாவி மேடம் கைல கீதும்மா. நாயிங்க உள்ள வந்துகினே கீது, அத்தொட்டுதான் பூட்டி வெச்சிக்கினு கீறோம். இன்னா வோணும் சொல்லு, நான் வாங்கியாந்து தரேன்."

"ஒண்ணும் வேணாம் அண்ணா" என்று திரும்பினாள். வேண்டியது கடையில் கிடைக்கிற பொருளில்லை.

எட்டு மணிக்கு ஜெனி சிநேகாவிடம் கெஞ்சிக் கூத்தாடித் தன் போனை மட்டும் வாங்கிவிட்டாள். நேரலையில் வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைப் பார்க்காமல் இருக்கக்கூடாது, அதுவும் இன்றைக்கு அபியின் கடைசி ஓலை, எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்றாள். சிநேகாவுக்கும் அது அழகான யோசனையாகப் பட்டது. போனைக் கூடத்து டிவியோடு இணைத்தார்கள். போனில் தெரிவதெல்லாம் அப்படியே டிவியில் பெரிதாகத் தெரிந்தது. மேலே கோயில், கீழே பார்ப்பவர்கள் போடும் செய்திகள். ஆமென், தோத்திரம், தாம்பரத்திலிருந்து பார்க்கிறோம், துபாயிலிருந்து பார்க்கிறோம். எட்டுப் பேரும் பொங்கல் தட்டோடு வட்டமாக உட்கார்ந்தார்கள். அபிகாயிலை நடுவில் உட்காரவைத்தார்கள்.

"இது எங்க பக்கத்து லக்ன பத்திரிகை மாதிரியா?" என்று கேட்டாள் ரமா மாமி. ஜெனி விளக்கினாள்.

"தடை இருக்கான்னு வேற கேப்பாளா? பரவால்லையே. எங்காத்துல எல்லாம் கேக்கவே மாட்டா" என்றாள் மாமி.

சிரிப்பு எழுந்தது. டிவியில் போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளைப் பிரித்தார். இன்று மூன்று ஜோடிகளுக்கு ஓலை. முதல் ஜோடி பெருங்களத்தூர். பையன் பெயர், படிப்பு, அப்பா பெயர், அப்பா ஓய்வு பெற்ற இடம் எல்லாம் நிதானமாக வந்தது. இங்கே தெரிவது கோயிலில் அரை நிமிஷத்துக்கு முன்னால் நடந்தது என்பது அவளுக்குத் தெரியும். போன், முன்னால் இருந்த டீப்பாயில், சட்னிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

அவள் அதை எடுத்தாள்.

சத்தம் கூட்டப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். டிவியில் எழுத்துப் பலகை திறந்தது. கட்டத்துக்குள் ஒவ்வொரு எழுத்தாக, எல்லோர் கண் முன்னாலும் விழுந்தது. இரண்டு முறை அழித்து எழுத வேண்டியிருந்தது.

'நான் அபிகாயில். ஜெனி போனிலிருந்து எழுதுகிறேன். என் ஓலைக்குத் தடை இருக்கிறது. எனக்குச் சம்மதம் இல்லை.'

"அபி!" ஜெனி தட்டைப் போட்டுவிட்டு எழுந்து பாய்ந்தாள். பாதியில் நின்றாள். சுஜி அவள் கையைப் பிடித்திருந்தாள். இரண்டு கையாலும், கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்திருந்தாள்.

அபிகாயில் அனுப்பினாள். ஆமென்களுக்கும் தோத்திரங்களுக்கும் நடுவில், 'ஜெனி தேவானந்தம்' என்ற பெயருக்கு எதிரே அது போய் உட்கார்ந்தது.

போதகர் இரண்டாவது ஜோடியை முடித்தார். தாளில் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். "சேலையூரைச் சேர்ந்த..." என்று ஆரம்பித்தார். அப்போது படம் ஒரு குலுக்குக் குலுங்கிச் சாய்ந்தது. கேமராவையும் செய்திகளையும் பார்த்துக்கொள்ளும் ஷெர்வின் எல்லாவற்றையும் விட்டுவிட்டு போதகரிடம் ஓடியிருக்க வேண்டும். தூணும், அரை மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. கிசுகிசுப்பு கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. கூடத்தில் ஒருவரும் மெல்லவில்லை.

"இந்த அறிவிப்பு இன்று வாசிக்கப்படவில்லை" என்றது போதகரின் குரல். "நாம் எழுந்து நின்று பாடுவோம்."

ஜெனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாட்டு பாதியில் நின்று, டிவி முழுக்க ஒரே வார்த்தை வந்தது: அண்ணா. அபிகாயிலின் கையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. ஜெனி கையை நீட்டினாள். அபிகாயில் கொடுக்கவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் எடுத்தாள்.

"ஜெனி? என்ன இது? யாரு போட்டது?"

"நான்தான் ஜோனத்தான். அபி."

கோயில் வெளி வராந்தாவில் நிற்கிறான் போலிருந்தது. உள்ளே பாடுவது தூரத்தில் கேட்டது. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எப்போலேருந்து உனக்குப் பிடிக்கல?" என்று கேட்டான்.

பொய் சொல்லலாம். போன வாரம்தான், திடீரென்றுதான் என்று சொல்லி அவனைக் கொஞ்சம் காப்பாற்றலாம். பொய் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

"நீங்க பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே."

"நாலு மாசம்" என்றான். "தினம் எட்டு மணிக்கு போன் பண்ணேன் அபி. ஒரு நாள் சொல்லியிருக்கலாமே. நான் விட்டிருப்பேன்."

அபிகாயில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் நிஜமாகவே விட்டிருப்பான் என்று அவளுக்குத் தெரிந்தது. நான்கு மாதமாக எந்தக் கதவிலும் பூட்டே இல்லை. அவள்தான் ஒன்றையும் தள்ளிப் பார்க்கவில்லை.

"ஆமா" என்றாள். "சொல்லியிருக்கணும்."