ஒரு சுழியம் குறைந்த வரைபடம்

நகரத் திட்ட அலுவலகத்தில் வரைபடம் வரைவது அவள் வேலை. பன்னிரண்டு வருடங்களில் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. வாயில்லாப் பூச்சி என்றுதான் பெயர் எடுத்திருந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, மக்கள் பார்வைக்காகச் சுவரில் ஒட்டியிருந்த புதிய வரைபடத்தைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது.

மலைச்சரிவில் இரண்டு காடுகளுக்கு நடுவே மான்கள் ஆற்றுக்கு இறங்கும் வழி ஒன்று உண்டு. இரண்டு கோடை முழுக்க வெயிலில் அலைந்து, குளம்புத் தடங்களை அளந்து, அங்கே யாரும் வீடு கட்டக்கூடாதென்று முந்நூறு மீட்டர் அகலத்துக்குப் படத்தில் பச்சை பூசியிருந்தாள். இப்போது அதில் முப்பது மீட்டர் என்றிருந்தது; பச்சையின் எல்லைக் கோடும் உள்ளே நகர்ந்திருந்தது. மூலையில் அவளுடைய கையெழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

நேரே மேலதிகாரி அறைக்குப் போனாள்.

"சார், இது நான் போட்ட படம் இல்ல."

"ஒரு சுழியம் விட்டுப்போச்சும்மா. டைப்பிங்ல வந்த தப்பு. வழின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"ரெண்டு பக்கமும் வீடு, நாய், விளக்கு. மான் என்ன டோக்கன் வாங்கி வரிசையிலயா சார் போகும்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்க யார் யார் இடம் வாங்கியிருக்காங்கன்னு தெரியுமா? உங்க அண்ணனும்தான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாயங்காலமே அண்ணன் வீட்டுப் படியேறினாள். அவன் மறைக்கவில்லை.

"எல்லாரும் வாங்கினாங்க, நானும் வாங்கினேன். நீ கண்டும் காணாம இரு, அது போதும்."

"என் கையெழுத்துக்கு மேல பொய்யை வரைஞ்சு வச்சிருக்காங்கண்ணா."

"மானுக்கு ஓட்டு இருக்கா? உனக்கு எதுக்கு ஊர் வம்பு?"

அண்ணி நீட்டிய தண்ணீரைக்கூடத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நகர மன்றத்தில் ஆட்சேபணைக் கூட்டம். ஊழியராகப் பேச அனுமதி இல்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஊர்க்காரியாக வரிசையில் எட்டாவது ஆளாய் நின்றாள். முறைப்படி மனுப் போட்டு வாங்கிய பழைய வரைபடத்தின் நகலை மேஜையில் விரித்தாள்.

"இது போன வருஷம் நீங்க எல்லாரும் ஒப்புக்கிட்ட படம். சுவத்துல இருக்கிறது வேற. சுழியம் கைதவறிப் போச்சுன்னு சொல்றீங்க, சரி. கோடு எப்படி நகர்ந்துச்சு? அதுக்குக் கால் முளைச்சுதா?"

மேடையில் இருந்தவர்கள் தண்ணீர்க் குவளையைப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து பேருந்து ஓட்டுநர் ஒருவர் எழுந்தார். "சரிவு ரோட்டுல போன மாசம் மட்டும் நாலு மான் அடிபட்டுக் கிடந்துச்சு. இருக்கிற வழியையும் அடைச்சா எல்லாம் என் வண்டிக்கு முன்னாடிதான் வந்து விழும். அந்தம்மாவுக்குப் பதில் சொல்லுங்க."

கூட்டம் கலையவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, புதிய வரைபடத்தைத் திரும்பப் பெறுவதாகத் தலைவர் முணுமுணுத்தார். முந்நூறு மீட்டர் முந்நூறாகவே நின்றது.

அடுத்த வாரம் 'நிர்வாக வசதிக்காக' அவளைக் கீழ்த்தளத்துக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். அண்ணன் பேச்சை நிறுத்திக்கொண்டான். இரண்டையும் எப்படியோ சகித்துக்கொண்டாள். படம் மாறியது பற்றி அலுவலகம் நடத்திய விசாரணையின் அறிக்கையில் 'தட்டச்சுப் பிழை' என்று ஒரே வரியில் முடித்திருந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கோட்டை நகர்த்திய கை யாருடையது என்று கேட்டு மனு எழுதினாள். முப்பது நாளாகியும் பதில் இல்லை. முப்பத்தோராம் நாள் காலை இரண்டாவது மனுவோடு மாடிப்படி ஏறினாள்.