பொதுச்செயலாளரின் நெஞ்சுவலி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது என் நெஞ்சுவலியில். போன மாதம் ஒரு மத்தியானம், ஆள் அவ்வளவுதான் என்று நானே முடிவுகட்டி, இருபது வருஷமாக மறைத்துவைத்த ஒன்றை மனைவியிடம் கொட்டிவிட்டேன். மருத்துவர் சோதித்துப் பார்த்து, "வெறும் வாயுப்பிடிப்பு சார். வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

வீட்டுக்குப் போவதில்தான் சிக்கல். (என்ன கொட்டினேன் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.)

2

முதல் தொடக்கம்: 'அமைச்சரின் கார் சீறிக்கொண்டு'

ம்ஹூம். என் முப்பது தொடர்களிலும் கார் சீறிவிட்டது. இது நெரிசலில் மாட்டி நிற்கிற கார்.

பின் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் அமைச்சர், முன்பு பாதிரியார். அங்கியைக் கழற்றினார், காதலித்தவளைக் கட்டிக்கொண்டார், தேர்தலில் நின்றார், இரண்டு முறை கட்சி மாறினார். நாடு முழுக்க அவர் பெயர் 'மாஜி சாமி'. "கடவுளையே விட்டுட்டு வந்தவர், நம்மளை எப்ப விடுவாரோ?" என்று நாடாளுமன்றத்தில் சிரிப்பு எழும்போதெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "ஒரு சத்தியத்தைத்தான் மீறினேன். ரெண்டாவது கிடையாது."

பக்கத்தில் கட்சியின் பொதுச்செயலாளர், நெஞ்சைப் பிடித்தபடி. ஓட்டுநர் மருந்துக்கடைக்கு ஓடியிருந்தார்.

"ஃபாதர், நான் போயிடுவேன் போலிருக்கு."

"ஒண்ணும் ஆகாது அண்ணே, பேசாம இருங்க."

"அண்ணனும் வேண்டாம், தம்பியும் வேண்டாம். ஃபாதரா கேளுங்க. இடிஞ்சு விழுந்துச்சே, அந்தப் பாலம்... விரிசல் விட்டிருக்குன்னு இன்ஜினீயரம்மா அறிக்கை எழுதியிருந்தாங்க. கோப்புலேர்ந்து அதை உருவினது நான்தான். பதினோரு உசுரு, ஃபாதர்."

அமைச்சர் தவறு செய்தது இங்கேதான். முகத்தைப் பார்க்காமல் காதை மட்டும் சாய்த்தார். பதினான்கு வருஷப் பழக்கம். பேச்சு முடிந்ததும் வலது கை தானாக எழுந்தது, மன்னிப்பு வாசகம் தானாக வந்தது.*

மருத்துவமனையில் சொன்னார்கள்: வாயுப்பிடிப்பு.

* அங்கியைக் கழற்றியவர், பிறர் தம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக் கூடாது. ஒரே விலக்கு, எதிரே இருப்பவர் சாகக் கிடந்தால் கேட்கலாம். கேட்டதை, தன் உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது.

3

இந்தப் பொதுச்செயலாளர்மேல் எனக்கே சந்தேகம். மொத்தமும் நடிப்பு, பாலம் இடிந்ததை விசாரிக்கும் கமிஷன், துறை அமைச்சரான இவரைக் கூப்பிடுமுன் போட்ட வாய்ப்பூட்டு என்கிறது என் தொடர்கதைப் புத்தி. அப்படி எழுதினால் வேலை சுலபம். பாவசங்கீர்த்தனமே செல்லாது, அமைச்சர் பேசிவிடலாம்.

[ஆனால் 'அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது' என்று ஒரு வரி எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். நடிக்கிறவன் கை குளிருமா? என் கை அன்றைக்குக் குளிர்ந்தது.]

4

விசாரணை நாள் காலை. அமைச்சர் சட்டைப் பொத்தானை மூன்றாவது முறையாகத் தப்பான துளையில் மாட்டினார். மனைவி வந்து சரிசெய்தாள்.

"என்னங்க, யாரோ உங்க காதுல எதையோ போட்டிருக்காங்க. அதானே?"

அவர் கைக்கடிகாரத்தைத் தேடி எடுத்துக் கட்டினார்.

"எனக்காக ஒரு சத்தியத்தை மீறினீங்களே, அப்ப பொத்தானெல்லாம் சரியாத்தானே மாட்டினீங்க?"

"அது என்னோடது. இது அடுத்தவனோடது."

"சரி, ஜெயிலுக்குப் போகப்போறது யாரு? நீங்களா, அந்த அடுத்தவனா?"

5

கமிஷன் அலுவலக வராந்தாவில், மர பெஞ்சின் நுனியில் இன்ஜினீயரம்மா. எச்சரிக்கவே இல்லை என்று பழி முழுவதும் அவர் தலையில். அறிக்கைக்கு வேறு பிரதியும் இல்லை. அமைச்சர் 'தெரியாது' என்றால் இந்த அம்மாவுக்குச் சிறை நிச்சயம்.

"சார், நீங்க சாமியாரா இருந்தவராமே. எனக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாது. இருந்தாலும் எனக்காக ஒரு ஜெபம் பண்றீங்களா?"

"என்னன்னு வேண்டிக்கட்டும்மா?"

"அந்த அறிக்கையைப் பத்தி யாராவது ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்னு."

அமைச்சர் கண்ணை மூடினார். ஜெபம் வரவில்லை.

6

ஒரு முடிவு: சொல்லிவிடுகிறார். இன்ஜினீயரம்மா வீட்டுக்குப் போகிறார். அதன்பிறகு, சாகக் கிடக்கிற எவரும் எந்தப் பாதிரியாரிடமும்

(முடிக்கத் தைரியம் வரவில்லை.)

இன்னொன்று: "தெரியாது" என்கிறார். பதவி தப்புகிறது. வராந்தா பெஞ்சு காலியாகிறது. இதை எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன்.

மூன்றாவது: அமைச்சர் சாட்சி சொல்லுமுன்பே பொதுச்செயலாளருக்கு நிஜ மாரடைப்பு. பத்திரிகை ஆசிரியர், "பிரமாதம் சார், இதையே போட்டுடலாம்" என்றார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. செத்துப்போனாலும் சொன்னது சொன்னதுதானே? வாய்ப்பூட்டு அப்படியே இருக்குமே?

அதற்குள் நீதிபதி கேட்டுவிட்டார்: "அப்படியொரு அறிக்கை இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

சுருக்கெழுத்தாளர் பேனாவை ஊன்றிவிட்டார். இன்ஜினீயரம்மா அமைச்சரின் வாயையே பார்க்கிறார்.

அந்தக் காரில் பேசியது உங்களுக்கும் தெரியும். நீங்கள் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. அவருக்கு முன்னால் நீங்கள் எழுந்து பேசுவதானால் பேசுங்கள். அவர் தொண்டையைச் செருமுகிறார்.