நனைந்த இறகு

வெண்டெல் புரூட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆளைவிட அவன் சாமான்களைப் பார்த்தால் இன்னும் மோசம். முதுகில் பாம்புத்தோல் ஒட்டிய வில், குஞ்சம் தொங்கும் அம்பறாத்தூணி, மான்கொம்புப் பிடி போட்ட கத்தி. மேலே ஒரு கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. தாத்தா போட்டது என்பான். எந்தத் தாத்தாவோ, போன மாதம்தான் ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். மடிப்புகூட இன்னும் கலையவில்லை.

மூன்று வருஷம் முன்புவரை கப்பி வைத்த நவீன வில்லோடு திரிந்தவன்தான் இவன். இன்று அப்படி ஒரு வில்லை யார் கையிலாவது கண்டால், "என்னப்பா, கிணத்துல தண்ணி எறைக்கப் போறியா?" என்று கேட்பான். மரவில்லுக்கு உயிர் இருக்கிறதாம், அது கையோடு பேசுமாம். என்ன பேசித் தொலைத்ததோ, பதினைந்து கஜத்தில் இருக்கிற வைக்கோல் பொதியை அடிக்க அவனுக்கு மூன்று அம்பு வேண்டும்.

நாங்கள் வருஷா வருஷம் கூடுவது மெர்ல் காங்கஸின் மரவீட்டில். மிச்சிகனின் வடகோடியில், சீடர் மரங்கள் அடைத்துக்கொண்டு நிற்கிற சதுப்பின் ஓரத்தில் இருக்கிறது அது. மெர்ல் அதிகம் பேசமாட்டார். பேசினால் கேட்பவனுக்கு அன்றைய சோறு இறங்காது. அவர் வீட்டில் மூன்று சட்டம். இருபது கஜத்துக்கு மேல் அம்பு விடக் கூடாது. விட்ட அம்பை மேசையில் வைக்க வேண்டும், எல்லாரும் கையில் எடுத்து முகர்ந்து பார்ப்போம். அம்பு மானின் மேல் பட்டுவிட்டால், மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது உன் மான். மான் அடிக்க அரசாங்கம் கொடுத்த வேட்டைச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த வருஷம் விறகு பிளக்க வேண்டியதுதான்.

நான் ஆர்விட் சால்மி. இருபது வருஷமாக இங்கே வருகிறேன். முகாமில் பாதிப் பேருடைய அம்புக்கு வான்கோழி இறகு ஒட்டிக் கொடுப்பது நான்தான். வெண்டெலின் அம்புக்கும்கூட. மஞ்சள் வேண்டும், அதில் ஒன்று சிவப்பு வேண்டும் என்று கல்யாணப் பெண் மாதிரி கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

அன்று வேட்டைப் பருவத்தின் முதல் சனிக்கிழமை. எட்டு நாளாக மழை இல்லை. அக்டோபருக்கு அது ஒரு கேடுகெட்ட வெயில். காலை ஒன்பது மணிக்கே சட்டைக்குள் வேர்த்தது. மரத்தில் கட்டிய வேட்டைப் பரணிலிருந்து இறங்கி வந்தவன், புகையிலை எடுக்க என் வண்டிக்குப் போனேன். பக்கத்தில் வெண்டெலின் வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டு நின்றது. அந்த வெயிலில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு அம்பு. அதன் இறகை ஹீட்டர் வாயில் காட்டிக்கொண்டிருந்தான்.

கண்ணாடியைத் தட்டினேன். துள்ளி விழுந்தான்.

"என்ன வெண்டெல், தாத்தா காலத்து ஹீட்டரா?"

"ஓடையைத் தாண்டறப்ப அம்பு கை நழுவிடுச்சு. அதான் காய வைக்கிறேன்."

"எதுக்கு அம்பை வெளிய எடுத்தே?"

"ஒரு மான் மேல விட்டேன். படல. நேரா மண்ணுல குத்திடுச்சு. சுத்தமா மிஸ்."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, அம்பைத்தான் பார்த்தான். நான் ஒட்டிய இறகு அது. வான்கோழி இறகு காய்ந்திருந்தால் விறைத்து நிற்கும். தண்ணீரில் போட்டால் மழையில் நனைந்த கோழி மாதிரி அம்போடு படுத்துக்கொள்ளும். மண்ணில் குத்திய அம்பில் மண் இருக்கும். இதில் முனை முதல் வால் வரை பாத்திரம் தேய்த்த பளபளப்பு. கை நழுவி விழுந்த அம்பு அப்படிச் சுத்தமாகாது. உட்கார்ந்து தேய்த்துக் கழுவியிருக்கிறான், களவாணிப் பயல்.

எதற்குக் கழுவினான் என்பதும் தெரியும். நெஞ்சில் பட்ட அம்பைக் கொண்டுவந்து எல்லாரும் காட்டுவார்கள், பீற்றிக்கொள்வார்கள். வயிற்றில் பட்டால்தான் பச்சையாகப் பிசுபிசுத்து நாறும். வயிற்றில் அடிபட்ட மான் உடனே சாகாது. எங்காவது போய்ப் படுத்து மணிக்கணக்கில் கிடக்கும். துரத்தாமல் பிற்பகல் வரை விட்டு, பிறகு தடம் பார்த்துப் போனால் கிடைக்கும். ஆனால் எங்கே அடித்தான், எந்தப் பக்கம் ஓடியது என்று அவன் சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால் அத்தனை பெரிய சதுப்பில் எங்கே போய்த் தேடுவது? இருட்டுவதற்குள் கிடைக்காவிட்டால் ஓநாய்கள் அதை உயிரோடு தின்னத் தொடங்கிவிடும்.

"வெண்டெல், எங்க அடிச்சே? சொல்லிடு."

"மிஸ்ஸுன்னு சொல்றேன்ல. ஒனக்கு என்ன காது அடைச்சுப் போச்சா?"

பத்து மணிக்கு மெர்லோடு சேர்த்து ஆறு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். என்னையும் சேர்த்து நான்கு பேர் ஒரு மானையும் காணாமல் காட்டிலிருந்து திரும்பியிருந்தோம். வெண்டெல் அம்பை நடுவில் வைத்து, ஓடைக் கதையைக் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னான். வழுக்கிய கல்லுக்கு ஒரு தனி வர்ணனை. அம்பு கைமாறியது. ஆளுக்கு ஆள் முகர்ந்து பார்த்தார்கள். ஒரு வாசனையும் இல்லை. மெர்ல் இறகை விரலால் நீவிவிட்டு வெண்டெலைப் பார்த்தார்.

"ஓடையில விழுந்துச்சா?"

"ஆமா மெர்ல். என்னோட கவனக்குறைவுதான்."

"சரி" என்று அம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். அந்தப் பயல் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. சட்டைத் தாத்தா அவனைக் காப்பாற்றிவிட்டார். அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நான் வாயைத் திறந்தேன்.

"அவன் அதைக் கழுவியிருக்கான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மெர்ல்.

"தெரியும்."

"பாத்தியா?" என்று வெண்டெல் எகிறினான். "ஓடையில நான் கழுவறதைப் பாத்தியா நீ? எம்மேல ஒனக்கு ஆரம்பத்துலேர்ந்தே காண்டு. வாய்க்கு வந்ததை ஒளறாதே!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டே வழி. வாயை மூடிக்கொண்டு எழுந்து போகலாம். ஒரு பெண்மானோ ஆண்மானோ எங்கோ சேற்றில் கிடந்து சாகும், அவ்வளவுதான். ஆறு வருஷமாக எனக்கு நன்றாகப் பழகிய வழி அது.

"நானும் கழுவியிருக்கேன்," என்றேன். "அதே ஓடையில."

நின்றால் மறுபடி தைரியம் வராது என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

"ஆறு வருஷம் முன்னாடி பீவர் குளத்துப் பக்கம் ஒரு கொம்பு மான் கெடந்துச்சே, பின்பக்கம் பூரா தின்னு போட்டு. நீங்கதான மெர்ல் பாத்தீங்க. லெஸ்டர் பூஷே அடிச்சதுன்னு வெரட்டிவிட்டீங்க. அது லெஸ்டர் இல்ல, நான். முப்பது கஜத்துல விட்டேன். வயித்துல பட்டுது. அம்பைக் கழுவிட்டு வந்து மிஸ்ஸுன்னு சொன்னேன். எறகு படுத்துக் கெடந்துச்சு, அதை இந்தக் கெட்டில் ஆவியில காட்டி நிமித்திட்டுத்தான் மேசையில வெச்சேன். இவனுக்கு அந்த அறிவுகூட இல்ல, ஹீட்டர்ல காட்றான்."

லெஸ்டரின் பரண் பீவர் குளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அன்று காலை அவனும் ஒரு அம்பு விட்டு, அது புதரில் எங்கோ தொலைந்துபோயிருந்தது. மேசையில் வைக்க அவனிடம் அம்பு இல்லை, என்னிடம் இருந்தது. மூன்றாம் நாள் மெர்ல் அந்த மானைக் கண்டுவிட்டு வந்து, "ஒன் சாமானை எடுத்துக்கிட்டுக் கெளம்பு" என்று அவனைப் பார்த்துச் சொன்னபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் பையை வண்டி வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

மெர்ல் நெடுநேரம் என்னைப் பார்த்தார். கீழே துப்பியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

முதலில் வாய் திறந்தது வெண்டெல்தான். தன்னைவிடக் கேவலமான ஒருவன் அதே மேசையில் கிடைத்துவிட்டதில் அவன் முகத்தில் ஒரு தெம்பு வந்திருந்தது.

"முப்பத்தெட்டு கஜம்," என்றான். "பெண்மான். கூனிக்கிட்டே ஓடுச்சு. ஓடைக்கு வடக்கால, சாஞ்ச சீடர் மரத்தைத் தாண்டி."

"எத்தனை மணிக்கு?" என்றார் மெர்ல்.

"ஏழே முக்கால்."

"நாலு மணிக்குப் போறோம். அதுக்கு முன்னாடி ஒருத்தன் காலை எடுத்து வெளிய வெச்சான்னா ஒடச்சிடுவேன். ரெண்டு பேரும் சீட்டைக் குடுங்க."

கொடுத்தோம். வெண்டெலின் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டார். என்னுடையதைக் கிழிக்கவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான்கு மணிக்குச் சாய்ந்த மரத்திலிருந்து ஆரம்பித்தோம். ரத்தம் அதிகம் இல்லை. நூறு அடிக்கு ஒரு பொட்டு, பாசியில் ஒரு பச்சைக் கறை. ஒரு மணி நேரம் குனிந்து குனிந்து போனபிறகு, இரண்டு சீடர் வேருக்கு நடுவே அந்தப் பெண்மான் காலை மடித்துப் படுத்திருந்தது. செத்திருந்தது, ஆனால் உடம்பில் சூடு இன்னும் இருந்தது. இறைச்சி கெட்டிருக்காது. வெண்டெல் அதன் பக்கத்தில் மண்டியிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். நிஜ அழுகைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு மான்கொம்புக் கத்தியை உருவினான். அது ரொட்டிகூட வெட்டாது. என் கத்தியை அவனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

திரும்பும் வழியில் மெர்ல் மேட்டைக் காட்டினார். அங்கேதான் போனில் சிக்னல் கிடைக்கும்.

"லெஸ்டர் நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"போய்ப் பேசு. அடுத்த வாரம் அவனை வரச் சொன்னேன்னு சொல்லு. சீட்டைப் பத்தி அவன் என்ன சொல்றானோ அதான்."

மேடு ஏறினேன். ஆறு வருஷமாக அந்த எண் என் போனில் இருக்கிறது. ஒரு தடவை அழுத்தியதில்லை. மூன்றாவது மணியில் எடுத்தான். நான் யார் என்று சொன்னேன். பீவர் குளத்து மான் என்னுடையது என்றேன். இன்று வெண்டெல் ஒரு மானை வயிற்றில் அடித்துவிட்டு அம்பைக் கழுவிக் கொண்டுவந்தபோது, மேசையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன் என்றேன். அவன் பக்கம் ஒரு தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தவும் இல்லை.

"எனக்குத் தெரியும்," என்றான் லெஸ்டர்.

"என்னது?"

"அன்னைக்கு நான் வெறகு தூக்கிட்டு உள்ள வந்தேன். நீ கெட்டில் பக்கத்துல முதுகைக் காட்டிக்கிட்டு எறகுக்கு ஆவி புடிச்சிட்டு இருந்தே. திரும்பிக்கூடப் பாக்கல."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"நீயே சொல்லிடுவேன்னு பாத்தேன். மூணு நாளு. அப்புறம் எம் பையை வேற தூக்கிட்டு வந்தே பாரு, அங்கதான் வெறுத்துப் போச்சு. போயும் போயும் இவன்கூடவா ஒக்காந்து தின்னுட்டு இருந்தோம்னு தோணிச்சு."

மெர்ல் வரச் சொன்னதையும், என் சீட்டை அவன் முடிவுக்கு விட்டதையும் சொன்னேன். அவன் பேச்சை மாற்றினான்.

"இன்னைக்கு அடிபட்ட மான் கெடச்சுதா?" என்றான்.

"கெடச்சுது. பெண்மான். கறி நல்லா இருக்கு."

"அது போதும். அந்தக் கெட்டில் இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"அதுலயா காபி வெச்சுக் குடிக்கிறீங்க?"

நான் ஆமாம் என்றேன். லெஸ்டர் கொஞ்ச நேரம் சிரித்தான், பிறகு போனை வைத்துவிட்டான். நான் கீழே இறங்கி வந்தபோது மெர்ல் மேசையில் ஆறு கோப்பை எடுத்து வைத்துவிட்டு, கெட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்.