இரண்டு பேர் படுக்கும் வண்டி

ஆர்லோ ஹாகன் தன் பிக்கப் வண்டியின் பின்பெட்டியில் படுக்கையறை கட்ட ஆரம்பித்தபோது அவன் மனைவி மார்லிஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கூட பஸ்களுக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்த்தே காலத்தை ஓட்டிய மனிதன், இப்போது ஓய்வு பெற்றுவிட்டான்; அடுப்படியில் நின்று உப்பு அதிகம், மிளகு கம்மி என்று உயிரை வாங்குவதைவிட ஷெட்டில் நின்று பலகை அறுக்கட்டுமே என்று விட்டுவிட்டாள். அங்கேதான் தப்பு பண்ணினாள். இரண்டு குளிர்காலம் முழுக்க அறுத்தான்.

மொன்டானாவில் குளிர்காலம் என்றால் சும்மா இல்லை, வெளியே தலை நீட்ட முடியாது. அந்தச் சமயத்தில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஷெட்டுக்குள் போய்விடுவார்கள். போய், மற்ற ஆண்பிள்ளைகள் தங்கள் பிக்கப்புக்குள் கட்டில் கட்டும் வீடியோவைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "இவன் கட்டினது ஒரு கட்டிலா?" என்று கடைக்குப் போய் பிளைவுட் வாங்கி வருவார்கள். ஆர்லோவும் அப்படித்தான். முதலில் வெறும் மெத்தை போடுவதாகத்தான் இருந்தது. அப்புறம் மெத்தைக்கு அடியில் ஒரு டிராயர். ஒரு டிராயர் போட்டால் நன்றாகவா இருக்கும்? இரண்டு. டிராயருக்குள் அடுப்பு, பாத்திரம், கோடரி, கயிறு, மழைக்கோட்டு, தூண்டில் சாமான், ஒரு சின்ன துருத்தி. துருத்தி எதற்கு என்று கேட்காதீர்கள், மார்லிஸ் கேட்டுத் திட்டு வாங்கினாள்.

டிராயர் உயர உயர மெத்தையும் உயர்ந்தது. பின்பெட்டிக்கு மேல் மூடியாக வெள்ளை ஃபைபர் கூடு மாட்டியிருந்தான், அது உயருமா? அது தன் பாட்டுக்கு இருந்த இடத்தில் இருந்தது. கடைசியில் மல்லாக்கப் படுத்தால் மூக்குக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு முழம் தேறினால் பெரிய விஷயம். கூட்டின் பின்புறம் மேலே தூக்கித் திறக்கிற கண்ணாடிக் கதவு. அதன் கைப்பிடிகள் வெளிப்பக்கம் மட்டும்தான். சாமான் ஏற்றுவதற்கென்று செய்த கூடு அது; சாமானுக்கு உள்ளேயிருந்து கதவைத் திறக்கும் தேவை வருவதில்லை அல்லவா? ராத்திரி படுக்கும்போது கதவைப் பூட்டாமல் உள்ளேயிருந்து கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று ஆர்லோ ஏற்பாடு செய்திருந்தான். அந்தக் கயிற்றைப் பற்றி அவனுக்கு ரொம்பப் பெருமை.

இத்தனையும் எதற்கு? அலாஸ்காவுக்கு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவனுக்கு அந்தப் பித்து. கோடை முழுக்க வடக்கே ஓட்டிக்கொண்டே போய், ஆற்றங்கரையில் நிறுத்தி, வண்டியிலேயே படுத்து, மீன் பிடித்துத் தின்று, மறுநாள் மேலே போவது. தனியாகப் போவதானால் எப்போதோ போயிருப்பான். மார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, "வேகமா ஓட்டாத ஆர்லோ" என்று சொல்லாத பயணம் அவனுக்குப் பயணமாகவே படவில்லை. இதை அவளிடம் அவன் சொன்னதில்லை. அந்த ஊர் ஆண்பிள்ளைகள் பலகையில் திருகாணி முடுக்குவார்கள், வாயைத் திறந்து இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

மார்லிஸுக்கு வேறு அழைப்பும் இருந்தது. அவள் தங்கை ஜோலீன் அதே கோடையில் கப்பல் பயணம் போகிறாள். நாலு பேராகப் போனால் நல்ல அறை கிடைக்குமாம். நாலாவது ஆள் ஆர்லோ. அப்படிப் போனால் தினமும் சாயங்காலம் ஜோலீனின் புருஷன் தன் முழங்கால் ஆபரேஷனைப் பற்றிச் சொல்வதை இவன் கேட்க வேண்டும். கடலுக்கு நடுவில் எங்கே எழுந்து போவது?

"இங்க பாரு ஆர்லோ," என்றாள் மார்லிஸ். "ஜூன் மாசம் ஒரு ராத்திரி, ஏரிக்கரைல, உன் வண்டில படுக்கறேன். நல்லாத் தூங்கிட்டேன்னா அலாஸ்கா. தூங்கலன்னா கப்பல். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"நீ தூங்கிடுவ கண்ணு. குழந்த மாதிரி தூங்குவ."

"அதைத் தூங்கி எழுந்து நான் சொல்றேன்."

ஏரிக்கரைக்கு மத்தியானமே போய்விட்டார்கள். பைன் மரங்களுக்கு நடுவில் வரிசையாக வண்டிகள். ஆர்லோ சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து மெத்தையின் மேல் வைத்தான். குமிழி ஒரு பக்கம் சாய்ந்தது. இறங்கிப் போய் டயருக்கு அடியில் மரக்கட்டை வைத்தான். வண்டியை முன்னே எடுத்தான். குமிழி மறுபக்கம் சாய்ந்தது. பின்னே எடுத்தான். மார்லிஸ் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கதைப் புத்தகத்தில் பாதியை முடித்துவிட்டாள்.

"அந்தக் குமிழி தூங்குனாப் போதுமா, நானும் தூங்கணுமா?"

"சாய்வா இருந்தா ரத்தம் தலைக்கு ஏறும் மார்லிஸ்."

"எனக்கு ஏற்கெனவே ஏறிடுச்சு."

சாயங்காலம் சாஸேஜ் சுட்டு, பீன்ஸ் சூடு பண்ணி, கொசுவோடு பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். அப்புறம் ஏறிப் படுத்தார்கள். ஏறுவது என்றால் சும்மா ஏறுவதா? முதலில் முழங்காலை வைத்து, தலையைக் குனிந்து, தரையில் நீந்துகிறவர்கள்போல வயிற்றால் ஊர்ந்து முன்னால் போய், அங்கே புரண்டு மல்லாக்கப் படுக்க வேண்டும். புரளும்போது மார்லிஸின் முழங்கை ஆர்லோவின் கண்ணில் பட்டது. ஆர்லோவின் நெற்றி கூரையில் பட்டது. கயிற்றை இழுத்துக் கட்டியதும், "பாத்தியா, எவ்ளோ வசதி!" என்றான்.

அந்த ராத்திரியை நீட்டி முழக்க நான் விரும்பவில்லை. ஒருவர் புரள வேண்டுமென்றால் இருவரும் சேர்ந்து பேசி முடிவெடுத்துப் புரள வேண்டியிருந்தது என்று சொன்னால் போதும். ஆர்லோவின் குறட்டை கூரையில் மோதி நேராக மார்லிஸின் காதுக்கு வந்தது. அவளுடைய கால் அவனுடைய காலின் மேல், அவனுடைய கை அவளுடைய முடியின் மேல். விடியலில் இருவரும் கால் முன்னே, உடம்பு பின்னே என்று வழுக்கி இறங்கிக் கழிப்பறைக்குப் போய் வந்தார்கள். மார்லிஸின் கண் சிவந்திருந்தது. ஆர்லோ அவள் முகத்தைப் பார்க்கவே பயந்தான்.

"இன்னும் முடியல," என்றான் அவசரமாக. "ராத்திரின்னா வெயில் ஏறுற வரைக்கும் கணக்கு. நீ போய்ப் படு. நான் காபி போடறேன்."

அவள் ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஊர்ந்து உள்ளே போய், கதவுப் பக்கத்துத் திரையை இழுத்துவிட்டு, தலையோடு போர்த்திக்கொண்டாள். பேசாத மார்லிஸ் ஆபத்தானவள். கப்பலும் முழங்காலும் ஆர்லோவின் கண்முன்னே வந்து நின்றன.

இந்த நேரம் பார்த்துத்தான் அவர்கள் வந்தார்கள். எந்தக் கேம்ப்பிலும் விடிந்ததும் ஆண்பிள்ளைகள் காபிக் கோப்பையோடு கிளம்பிவிடுவார்கள், அடுத்தவன் வண்டிக்குள் எட்டிப் பார்க்க. முன்னால் வந்தவன் கிளேட்டன், தாடிக்காரன். கூட வந்த ஒல்லி ஆள் வெண்டல்.

"தலைவரே, குட் மார்னிங். எப்படித் தூக்கம்?" என்றான் கிளேட்டன்.

"பச்சக் குழந்த மாதிரி," என்றான் ஆர்லோ, கழுத்தைத் திருப்ப முடியாமல்.

"நானும் அப்படித்தான்," என்றான் கிளேட்டன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"எனக்கு எழுந்திருக்கவே மனசு வரல," என்றான் வெண்டல். அவன் கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புப் பை தொங்கியது. பொய் சொல்கிறோம் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் பொய் சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறதே!

"டிராயர் நீங்களே பண்ணதா?"

இந்தக் கேள்வி போதும், ஆர்லோவுக்கு உலகமே மறந்துவிடும். வாயெல்லாம் பல்லாகிவிட்டது. மெத்தைக்கு அடியிலிருந்து டிராயரை இழுத்துக் காட்டினான். உள்ளே தள்ளிக் காட்டினான். துருத்தியை எடுத்துக் காட்டினான்.

"அட, துருத்தி!" என்றான் வெண்டல், பொறாமையில் குரல் கம்மி.

"எங்க ஊர் மண் ரோட்டுல புழுதி உள்ள பூந்துடும் தலைவரே," என்றான் கிளேட்டன். "எனக்குப் போன தடவ சட்டியெல்லாம் மண்ணு."

"என் வண்டில ஒரு துளி வராது. சுத்தி ரப்பர் போட்டிருக்கேன். இப்பப் பாருங்க!"

கீழே சாய்த்திருந்த வண்டியின் பின்பலகையைத் தூக்கி அறைந்தான். பின்பலகையைத் தூக்கி அறைந்தான். இரண்டு கைப்பிடியையும் திருகி இறுக்கினான். "எங்க, இப்ப ஒரு தாளச் சொருகுங்க பாப்போம்!"

வெண்டல் சொருகிப் பார்த்தான். போகவில்லை. மூன்று பேரும் அந்த இடுக்கைப் பார்த்து ரசித்தார்கள்.

"வாங்க, என் வண்டிய வந்து பாருங்க," என்றான் கிளேட்டன். "அடுப்பே இழுத்தா வெளிய வரும்."

ஆர்லோ போய்விட்டான்! உள்ளே திரைக்குப் பின்னால் ஒரு மனைவி இருக்கிறாளே என்ற ஞாபகம் மருந்துக்குக்கூட வரவில்லை. கிளேட்டனின் அடுப்பைப் பார்த்தான். வெண்டல் வண்டியில் கூரையிலிருந்து இறங்கும் விளக்கைப் பார்த்தான். அப்புறம் இன்னொருவன் வண்டி. அப்புறம் கிளேட்டனின் மனைவி பான்கேக் சுட்டுத் தட்டில் போட்டாள். மேப்பிள் பாகு ஊற்றி மூன்றாவதை வாயில் வைத்தபோது அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"உங்க வீட்டம்மாவையும் கூப்பிடுங்களேன். எங்க அவங்க?"

ஆர்லோ மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தன் வண்டி இருந்த பக்கம் பார்த்தான்.

"உள்ள," என்றான்.

"எதுக்குள்ள?"

பதில் சொல்ல அவன் அங்கே இல்லை. தட்டு தரையில் கிடந்தது. அந்த இடுப்பையும் கழுத்தையும் வைத்துக்கொண்டு அப்படி ஓடுவான் என்று யார் நினைத்தார்கள்? வலை போட்ட பக்கவாட்டு ஜன்னல் திறந்துதான் இருக்கிறது, காற்று வரும், காற்று வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஓடினான். அலாஸ்கா போச்சு. அது போகட்டும், அவள் பயந்திருப்பாளே. கத்தியிருப்பாளே, நான் அடுப்புக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேனே! இத்தனை வருஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவளைச் சாமானைப்போல உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேனே, கடவுளே!

பின்னால் கிளேட்டன், அவன் மனைவி, வெண்டல் எல்லாரும் ஓடி வந்தார்கள். ஆர்லோ இரண்டு கைப்பிடியையும் திருகினான். கதவு மேலே போனது, பின்பலகை கீழே வந்தது. திரையை விலக்கினான்.

மார்லிஸ் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மெத்தைக்குக் குறுக்கே, கை ஒரு மூலையிலும் கால் எதிர் மூலையிலுமாக, வாயைத் திறந்துகொண்டு, ஆழ்ந்த தூக்கம். ஆர்லோவின் தலையணையும் அவளுக்கு அடியில்தான். அப்படி அவள் தூங்கி அவன் பார்த்ததில்லை. வீட்டுக் கட்டிலில்கூட அவள் எப்போதும் ஓரத்தில் ஒருக்களித்துத்தான் படுப்பாள். அது அவள் வழக்கம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தான்.

கிளேட்டனின் மனைவி சைகை காட்டி மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆர்லோ மட்டும் பின்பலகை ஓரத்தில் உட்கார்ந்தான்.

"மார்லிஸ்," என்றான் மெல்ல. "மார்லிஸ் கண்ணு."

ஒரு கண் திறந்தது.

"தெரியாம உன்ன உள்ள வெச்சுப் பூட்டிட்டேன். மன்னிச்சுடு. என்னச் செருப்பால அடி. கப்பல்லயே போலாம், அவன் முழங்கால் கதைய நான் தெனமும் கேக்கறேன்."

"பூட்டுன சத்தம் கேட்டுச்சு," என்றாள் அவள், தூக்கக் குரலில்.

"கேட்டுச்சா? அப்ப ஏன் கத்தல?"

"கத்தலாம்னுதான் வாயத் திறந்தேன். அதுக்குள்ள கால நீட்டிப் பாத்தேன். நீண்டுச்சு."

மார்லிஸ் கன்னத்தைத் தலையணையில் வைத்தபடியே அவனைப் பார்த்தாள்.

"இந்தக் கட்டில அளவெடுக்கறப்ப ஷெட்டுல படுத்துப் பாத்தியே, யார் படுத்தா?"

"நான்தான்."

"என்னைக்காவது, மார்லிஸ் நீயும் வந்து பக்கத்துல படு, சரியா இருக்கான்னு பாப்போம்னு கூப்பிட்டியா? அடுப்படிலதான இருந்தேன். ரெண்டு குளிர்காலமா ரம்பச் சத்தத்தக் கேட்டுட்டே இருந்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கூப்பிடவில்லை. துருத்திக்குக்கூட அளவெடுத்தான், அவளுக்கு எடுக்கவில்லை.

"நல்ல கட்டில்தான்," என்றாள் அவள். "பொய் சொல்ல மாட்டேன். நான் தூங்கிட்டேன். சொன்ன சொல் சொன்னதுதான், அலாஸ்கா போறோம்."

"நிஜமாவா?" ஆர்லோ துள்ளி எழுந்ததில் கதவின் விளிம்பில் தலை இடித்தது. அதைத் தடவக்கூடத் தோன்றவில்லை. "நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமாத்தான். போற வழில உனக்கு ஒரு கூடாரம் வாங்கிக்கோ."

"கூடாரமா? எனக்கா?"

"ஒருத்தர் படுக்கற கூடாரம். நல்லாப் படுத்துப் பாத்து வாங்கு." அவள் மறுபடியும் குறுக்கே காலை நீட்டிப் போர்வையை இழுத்துக்கொண்டாள். "இப்ப கதவச் சாத்திட்டுப் போ. கைப்பிடியையும் திருகிடு."

"திருகணுமா? எதுக்கு?"

"இல்லன்னா மறுபடியும் ஏறி வந்துடுவ."

ஆர்லோ பின்பலகையைத் தூக்கிவிட்டு, கதவை மெல்ல இறக்கினான். அப்புறம், சத்தம் வராமல், இரண்டு கைப்பிடியையும் தானே திருகினான்.