கரண்ட் போகாத வகுப்பு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. ஒரு பென் டிரைவில் வந்தது. நாற்பது நிமிடக் கோப்பு.

என் அக்கா எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். அவள் வகுப்பில் கரும்பலகை இருந்த சுவரில் இப்போது ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. தொட்டால் எழுதும், இழுத்தால் நகரும். வகுப்பில் எழுதியது, அழித்தது, அங்கே கேட்ட சத்தம் எல்லாவற்றையும் பதிந்தும் வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவைத்தான் அக்கா என் கையில் கொடுத்தாள். கூடவே ஒரு துண்டுக் காகிதம்: "பாரு. அழாத. கதை எழுதினா பொய் எழுதாத."

காகிதத்தில் எழுதிக் கொடுத்தது ஏனென்றால் அக்காவால் பேச முடியாது. இருபத்திரண்டு வருடம் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கத்தியதில் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் கட்டி போயிற்று, குரலும் கூடவே போயிற்று. "இனிமே காத்து மட்டும்தான் வரும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச முடியாத ஒருவரை வகுப்பில் வைத்துக்கொள்வதா என்று பள்ளியில் பேச்சு கிளம்பியது. தலைமையாசிரியர் ஒரு பீரியட் வந்து உட்கார்ந்து பார்ப்பது, திருப்தி இல்லையென்றால் அக்காவைப் பதிவேட்டு அறைக்கு மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. பதிவேட்டு அறையில் அலமாரிகள் உண்டு, பிள்ளைகள் கிடையாது. அக்கா நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கோப்பு அந்த ஒரு பீரியடுடையது. அதைத் திறந்து பார்க்கும் முன்பே கதையை மனசுக்குள் எழுதி முடித்துவிட்டேன் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

2

என் முதல் தொடக்கம் இது:

"கரண்ட் போனது. போர்டு செத்துக் கிடந்தது. அக்கா மெல்ல மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சாக்பீஸை எடுத்தாள். முப்பத்தெட்டு ஜோடிக் கண்களும்—"

இதற்கு மேல் போக அக்கா விடவில்லை. காகிதத்தைப் பிடுங்கி, பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிற அதே சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டாள். கீழே எழுதினாள்: "எங்க ஸ்கூல்ல அன்னிக்கு கரண்ட் போனத நீ பாத்தியா? கதை எழுதுறவங்களுக்கு மெஷின்னாலே வில்லன்தானா? சாக்பீஸ் தூளை இருபத்திரண்டு வருஷம் முழுங்கினவ நான். அந்த போர்டு உன்னை என்னடா பண்ணுச்சு?"

[உண்மையில் ஒன்றும் பண்ணவில்லை. மேடைகளில் அதைத் திட்டி இரண்டு முறை கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். அவ்வளவுதான்.]

இரண்டாவது தொடக்கம்: "மௌனம் என்பது—" இதை நானே அடித்துவிட்டேன். மௌனம் என்று ஆரம்பிக்கிற எதையும் எங்கள் அக்கா படிக்க மாட்டாள்.

மூன்றாவது தொடக்கம்தான் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது.

3

அன்றைய பாடம் ஊசல். கயிற்றில் ஒரு குண்டைக் கட்டி ஆட்டிவிட்டால் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்ற பாடம். போர்டில் சிமுலேஷன் திறந்திருந்தது. நிஜப் பொருள் இல்லாமல் திரைக்குள்ளேயே நடக்கிற பரிசோதனை. கயிற்றின் நீளம், குண்டின் எடை எல்லாவற்றையும் விரலால் இழுத்து மாற்றலாம்.

அக்கா பெரிய எழுத்தில் எழுதினாள்: "கனமான குண்டு, லேசான குண்டு. எது சீக்கிரம் போய்த் திரும்பும்? முதலில் கை தூக்குங்கள். பிறகு பார்ப்போம்."

முப்பத்தொரு பேர் கனமான குண்டுக்குக் கை தூக்கியதாக அக்கா எண்ணி எழுதினாள்.* அக்கா இரண்டு குண்டுகளையும் ஆட்டிவிட்டாள். இரண்டும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பின. வகுப்பு "ஐயோ" என்றது. தான் நினைத்தது தப்பு என்று தெரிகிற அந்த நொடியில் பிள்ளைகள் போடுகிற சத்தம் இருக்கிறதே, அதற்காகவே அந்தக் கோப்பை ஏழு முறை கேட்டுவிட்டேன்.

அப்போது ஒரு குரல்: "டீச்சர், இது பொய் சொல்லுது!"

அவளை வகுப்பில் ரேடியோ என்பார்கள். கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் சத்தமாகப் படிக்கிற பழக்கம், வாயை மூடாத பழக்கம், இரண்டும் சேர்ந்து வந்த பெயர். "யாரோ கம்ப்யூட்டர்ல ஒண்ணா ஆடுன்னு எழுதி வச்சிருக்காங்க, அது ஒண்ணா ஆடுது. நிஜத்துல ஆடுமா? எப்படி நம்புறது?" என்றாள்.

* நானும் மனசுக்குள் தூக்கினேன். அக்காவிடம் சொல்லவில்லை.

4

நியாயமான கேள்வி. குரல் இருந்த காலத்து அக்காவாக இருந்தால் கேட்டவளைத் தட்டிக்கொடுத்து, பத்து நிமிடம் பேசி, சிரிக்கவைத்துப் பதில் சொல்லியிருப்பாள். இப்போது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்வரிசையில் தலைமையாசிரியர் வேறு.

போர்டில் ஒரு வசதி உண்டு. உறையவைக்கும் பொத்தானை அழுத்தினால் வகுப்புக்குப் பழைய படம் மட்டும் தெரியும். டீச்சர் தன் கம்ப்யூட்டரில் அடுத்ததைத் தயார் செய்துகொள்ளலாம், யாருக்கும் தெரியாது. பேச்சு போனதிலிருந்து பதற்றம் வந்தால் அக்கா அப்படி உறையவைத்துவிட்டு, மனதில் உள்ளதை ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து அழித்துவிடுவாள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொள்வார்கள் இல்லையா, அப்படி.

அன்றைக்குப் பதற்றத்தில் பொத்தானை இரண்டு முறை அழுத்திவிட்டாள். முதல் அழுத்தில் உறைந்தது, இரண்டாவதில் உறைவு கலைந்துவிட்டது.

அவள் தட்டச்சு செய்தது வரிவரியாக, உள்ளங்கை அளவு எழுத்தில், போர்டில் வந்தது. ரேடியோ வழக்கம்போல் சத்தமாகப் படித்தாள்:

"இதுக்குப் பதில் சொல்ல குரல் வேணும். எனக்குப் பயமா இருக்கு. இன்னியோட இந்தப் பிள்ளைங்க என் கையை விட்டுப் போயிடு—"

பாதியில் நிறுத்திவிட்டாள். வாழ்நாளில் அவள் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல் முறையாக இருக்கும்.

[இங்கே தலைமையாசிரியரின் முகத்தில் ஈயாடவில்லை என்று எழுதியிருந்தேன். பதிவில் அவர் முகம் தெரியாது, அதனால் எடுத்துவிட்டேன். நாற்காலி கிரீச்சென்றது மட்டும் கேட்கிறது.]

அந்த இடத்தில் நான் கோப்பை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். என் அக்காவின் பயத்தை முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரு மேலதிகாரியும் படிக்கிறார்கள், நான் எப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி ஓடவிட்டேன்.

5

முதலில் கேட்பது ரேடியோவின் குரல்தான். "டீச்சர், நீங்க பதில் சொல்ல வேணாம். நாங்களே செஞ்சு பாக்குறோம். ஏய், ஸ்கிப்பிங் கயிறு யார்கிட்ட இருக்கு?"

அதற்குப் பிறகு வகுப்பு வகுப்பாக இல்லை. பதிவில் தெரியாததை அக்கா எழுதிக் காட்டினாள்: கதவு நிலையின் மேலே இருந்த கொக்கியில் கயிற்றைக் கட்டினார்கள். அக்கா அளவுகோலால் சரியாக ஒரு மீட்டர் அளந்து கொடுத்தாள். முதலில் ஒரு தண்ணீர் பாட்டில், பிறகு அதே உயரத்தில் பக்கத்திலேயே கட்டிய இரண்டு பாட்டில். வராந்தாவில் போன கணக்கு டீச்சர், "என்னடி இது, மண்டைய உடைக்கவா?" என்று அலறியதும் பதிவில் இருக்கிறது.

நேரம் பார்க்கப் பிள்ளைகள் யாரிடமும் கடிகாரம் இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு கனத்த குரல், "என்கிட்ட இருக்கு, ஆட்டு" என்றது. தலைமையாசிரியர்தான்.

ஒரு பாட்டில், பத்து ஆட்டம். அவர் எண்ணினார். "இருபது செகண்ட்."

இரண்டு பாட்டில். "எட்டு... ஒம்போது... பத்து. அட! அதே இருபது!"

அந்த "அட" அவர் வாயிலிருந்துதான் வந்தது. சத்தியமாக நான் சேர்க்கவில்லை. பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஒலிபெருக்கி கரகரக்கிறது.

கூச்சல் அடங்கும் முன்பே அக்கா போர்டுக்குப் போய்விட்டாள். அவள் எழுதியது: "நம்பாமல் கேட்டது நல்ல கேள்வி. இப்போது கதவைத் தூக்கிக்கொண்டு நிலாவுக்குப் போகலாமா?" சிரிப்பு. சிமுலேஷனில் பூமியைத் தட்டி நிலாவாக்கினாள். அதே ஒரு மீட்டர் கயிறு. ஆட்டிவிட்டாள்.

குண்டு சோம்பேறித்தனமாகக் கிளம்பியது. போனது. யோசித்துத் திரும்பியது. பத்து ஆட்டத்துக்கு நாற்பத்தொன்பது விநாடி. அந்த நாற்பத்தொன்பது விநாடியும் கோப்பில் மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. ரேடியோகூட வாய் திறக்கவில்லை. முப்பத்தெட்டு வாண்டுகள் நிலாவில் உட்கார்ந்திருந்தன. சாக்பீஸை வைத்துக்கொண்டு இதை எந்தக் கொம்பனாலும் காட்டியிருக்க முடியாது. இந்தப் போர்டைத் திட்டித்தான் நான் கைத்தட்டல் வாங்கினேன்!

"டீச்சர், நிலால இது பொய் சொன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது?" ரேடியோவேதான்.

அக்கா எழுதினாள்: "இங்கே சொன்னதைக் கதவில் சோதித்தாய், சரியாக இருந்தது. அதே கணக்குதான் அங்கேயும். ஆனாலும் சந்தேகத்தை விடாதே. பெரியவளானதும் போய் ஆட்டிப் பார்த்து எனக்குக் கடிதம் போடு." மணி அடித்தது. கோப்பு முடிந்தது.

6

மீதியை அக்கா எழுதிக் காட்டியதிலிருந்து சொல்கிறேன். தலைமையாசிரியர் கையில் ஒரு படிவம் இருந்தது. கடைசிக் கேள்வி: "பாடத்தை ஆசிரியரே நடத்தினாரா? ஆம் / இல்லை." ஏதாவது ஒன்றில்தான் டிக் போட முடியும், விளக்கம் எழுத இடம் கிடையாது. பேனாவைத் திறந்தாராம், மூடினாராம். "திங்கக்கிழமை சொல்றேன் டீச்சர்" என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இன்று ஞாயிற்றுக்கிழமை.

முடிவு ஒன்று: அவர் "ஆம்" போடுகிறார், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அக்காவின் சிவப்புக் குறிப்பு: "ரொம்ப சினிமா."

முடிவு இரண்டு: அவர் "இல்லை" போடுகிறார். கேள்வி கேட்டது ஒரு மாணவி, பரிசோதனை செய்தது பிள்ளைகள், நேரம் பார்த்தது அவரே. சட்டப்படி பார்த்தால் அவர் சொல்வது— இதை எழுத என் கை வரவில்லை.

முடிவு மூன்று: அக்காவுக்குக் குரல் திரும்பி—

"டேய்" என்று எழுதி மூன்று கோடு போட்டாள்.

இப்போது எதிரே உட்கார்ந்து செவ்வாய்க்கிழமைப் பாடத்தைத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை அவளுக்கு வகுப்பு இருக்குமா என்றே தெரியாது. "எதுக்குக்கா இப்பவே?" என்று கேட்டேன். நிமிராமல் ஒரு காகிதத்தில் எழுதி என் பக்கம் தள்ளினாள்: "ரேடியோ கேப்பாடா."

ஆகவே வாசகரே, என்னால் இதற்கு மேல் முடியாது. அந்தப் பீரியட் முழுக்க நீங்களும் கூடவே உட்கார்ந்திருந்தீர்கள். படிவம் இதோ: பாடத்தை ஆசிரியரே நடத்தினாரா? பேனாவை எடுத்து நீங்களே டிக் போடுங்கள். ஆனால் "இல்லை" என்று போடுவதாக இருந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம். செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடுக்கு நீங்களே நேரில் போய், அந்த முப்பத்தெட்டுப் பேரிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.