இரும்புக் கம்பி

அச்சங்குளம் வேதக்கோயிலில் இருந்த கிதார், வெள்ளைக்கார நர்சம்மா ஒருத்தர் தன் தேசத்துக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே அதைப் பழகி, பத்து வருஷம் ஆராதனைக்கு வாசித்தவன் சுந்தர்ராஜ். பிழைப்புக்குப் பட்டாசுக் கம்பெனி; மருந்து கலக்கும் அறையில் வேலை. ஐம்பத்தெட்டாம் வருஷம் தீபாவளி சீசனில் அந்த அறை வெடித்தது. கூட வேலை பார்த்த முனியசாமி அங்கேயே கருகிப் போனான். சுந்தர்ராஜுக்கு இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிஞ்சின.

வைக்க வேண்டிய அளவைப்போல நாலு மடங்கு மருந்தை அறைக்குள் இறக்கச் சொன்னவர் போர்மேன் பால்துரை; அவரும் அதே கோயில் சபைக்காரர். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், "சுந்தர்ராஜ் டப்பாவத் தரையில இழுத்தான், பொறி பறந்துச்சு, என் கண்ணால பாத்தேன்" என்று சொன்னவரும் அவர்தான். வெடித்த நேரத்தில் அவர் கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக் கிடந்தவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் அடுப்பு எரிந்தது மனைவி ஞானஜோதியின் டீச்சர் வேலையால்தான்.

நாலு வருஷம் கிதாரை யாரும் தொடவில்லை. கம்பிகள் நைந்து இரண்டு அறுந்தும் போயின. பிறகு ஒருநாள், விருதுநகரில் யாரிடமோ நாலு பாட்டுப் பழகிக்கொண்டு வந்த பால்துரை, சபையார் எல்லாரும் கோயிலில் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்குத் தானே கிதார் வாசிப்பதாகச் சொன்னார். கோயில் போதகர் தேவாசீர்வாதம் ஐயர் சுந்தர்ராஜைக் கூப்பிட்டுவிட்டார்.

"புதுக் கம்பி வாங்க பால்துரை மதுரைக்குப் போறாரு. எதை வாங்கணும்னு உமக்குத்தான் தெரியும். கூடப் போயிட்டு வாருமே."

வீட்டில் ஞானஜோதி கேட்டதும் பொங்கிவிட்டாள். "அந்த ஆளு கூடயா? போகாதீக."

"தப்பான கம்பியக் கட்டுனா கிதார்ப் பெட்டி கெட்டுப் போகும், ஜோதி."

"கெட்டுப் போகட்டும்."

ஆனாலும் போனான். சாத்தூரில் ரயிலேறி, எதிரெதிரே உட்கார்ந்து போனார்கள். பால்துரை முறுக்கு வாங்கிக் கொடுத்தார். மழை பற்றிப் பேசினார், சர்ச் கமிட்டி பற்றிப் பேசினார். சுந்தர்ராஜின் இடது கைப் பக்கம் மட்டும் அவர் கண் போகவே இல்லை.

மதுரையில் கடைக்காரர் இரண்டு உறைகளை மேஜைமேல் வைத்தார். ஒன்றில் நைலான். இன்னொன்றில் இரும்பு, சுருளாக, புதுக் காசு மாதிரி மின்னியது. பால்துரை இரும்புக் கம்பியை எடுத்து நகத்தால் சுண்டிப் பார்த்தார்.

"இதுதான் கணீர்னு கேக்கும், என்ன?"

"கேக்கும் அண்ணாச்சி. ஆனா நம்ம பெட்டிக்கு அது ஆகாது," என்றான் சுந்தர்ராஜ். "அது நரம்புக் கம்பிக்குச் செஞ்ச பெட்டி. மேப்பலகை மெலிசு. கம்பியக் கட்டுற குதிரை வெறும் பசையிலதான் ஒட்டியிருக்கு. இரும்பு ரெண்டு மடங்கு இழுக்கும். குதிரை பேந்துரும். நைலானே வாங்குங்க."

பால்துரை கடைக்காரரைப் பார்த்தார். "பெட்டியக் கண்ணால பாக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாதுய்யா. உங்க இஷ்டம்," என்றார் அவர்.

பால்துரை நைலானையும் சுண்டினார். மெத்தென்று ஒரு சத்தம் வந்தது. உடனே அவர் முகம் மாறியது.

"ஏலே சுந்தரு, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நான் வாசிச்சா ஒருத்தன் காதுலயும் விழக்கூடாது. அதான உன் எண்ணம்?"

"அப்படியெல்லாம் இல்ல அண்ணாச்சி. பத்து வருசம் என் மடியில கிடந்த பெட்டி அது. அதப் பத்திப் பொய் சொல்லுவனா?"

"எல்லாம் சொல்லுவ. உன் எடத்துல நான் இருந்தா நானும் சொல்லுவேன்." இரும்புக் கம்பியையே பொட்டலம் கட்டித் தரச் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது முறுக்கு இல்லை, பேச்சும் இல்லை. ஐயரிடம் போய்ச் சொல்லலாமா என்று சுந்தர்ராஜ் வழியெல்லாம் யோசித்தான். பொறாமையில் சொல்கிறான் என்பார்கள். ஒரு தடவை பட்டது போதும் என்று பேசாமல் இருந்துவிட்டான்.

பண்டிகையன்று கோயில் நிறைய ஜனம். மூன்றாம் பாட்டில் சுருதி கொஞ்சம் இறங்க, பால்துரை முறுக்காணியை இன்னும் ஒரு திருகு திருகினார். மறு கணம் துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். குதிரை பலகையோடு பிய்ந்து எகிறி அவர் தாடையில் அடித்தது. கம்பிகள் சுருண்டு தொங்கின. பிள்ளைகள் அலறினார்கள்.

"கம்பியப் பொறுக்கினது யாரு தெரியுமா?" ரத்தத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டே பால்துரை எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "சுந்தர்ராஜு. இதைத்தான் வாங்கணும்னு ஒத்தக் கால்ல நின்னான்."

அத்தனை தலைகளும் திரும்பின. ஒருத்தர்கூட அப்படியா என்று கேட்கவில்லை. கவனக்குறைவுக்காரன் என்று நாலு வருஷத்துக்கு முன்பே அவர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. இப்போது வன்மக்காரன் என்பதும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

ஆராதனை முடிந்ததும், "நான் நைலான்தான் சொன்னேன், ஐயரே," என்றான் சுந்தர்ராஜ்.

அசனப் பந்தி போட்டுக்கொண்டிருந்த இடத்தில், எல்லார் முன்னாலும், ஐயர் அவன் தோளில் கை வைத்தார். "விடும். உம்ம மனசு எம்புட்டு வெந்திருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா? பால்துரையும் பெரிய மனசு பண்ணிட்டாரு. உம்மை மன்னிச்சாச்சு. உக்காந்து சாப்பிடும்."

அவன் உட்காரவில்லை. வீட்டுக்கு நடந்தான்.

கொஞ்ச நேரத்தில் ஞானஜோதி அசனச் சோறு வாங்காமல் வெறுங்கையோடு பின்னாலேயே வந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"நீங்களா அதை வாங்கச் சொன்னீக?"

நீயுமா என்பதுபோலப் பார்த்தான். "இல்ல."

"சொல்லியிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும்," என்றாள் அவள். பள்ளிக்கூடத்தில் பொய் சொன்ன பிள்ளையை முட்டி போட வைக்கிறவள் அவள். "அந்த ஆளு ஒத்தப் பொய்யில நம்ம குடும்பத்தையே கவுத்தான். நீங்க கடையிலயும் உண்மையச் சொல்லிட்டு வந்து நிக்கீக."

அவன் பண்டிகைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

"குதிரை பேந்தப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சு, ஜோதி. என் பெட்டிதான் உடையுதுன்னு தெரிஞ்சும் சந்தோசமா இருந்துச்சு."

"அப்ப ஐயர் குடுத்த மன்னிப்ப அதுக்கு வச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போனாள்.

ரெண்டு மாசத்தில் கோயிலுக்கு ஆர்மோனியம் வந்தது. முன்பலகையில் வெள்ளைப் பெயிண்டில் 'பால்துரை குடும்பத்தார் அன்பளிப்பு' என்று எழுதியிருந்தது. உடைந்த கிதாரை விறகு அறையில் போட்டார்கள். சுந்தர்ராஜ் அதைக் கேட்கவும் இல்லை, யாரும் அவனிடம் கொடுக்கவும் இல்லை.