சந்தியாகுவின் வலது கால்

அளவுக் குச்சியைத் தரையில் கிடத்தி, அதன் இரண்டு முனையிலும் மண்வெட்டியால் ஒவ்வொரு கொத்துப் போட்டுவிட்டுப் பரமானந்தம் நிமிர்ந்தார்.

“பெட்டி இதுக்குள்ளதான வருது? இப்பவே சொல்லிரு. கடப்பாரைய எறக்குனப்பறம் அய்யோன்னா ஆகாது.”

“இதுக்குள்ளதாண்ணே வரும்,” என்றான் அடைக்கலம்.

“எம்புட்டு ஆழத்துல கெடக்கு?”

“ரெண்டு முழம்.”

“பெரிய வேலக்காரன்,” என்று முனகிக்கொண்டு அவர் கடப்பாரையை எடுக்காமல் மண்வெட்டியையே எடுத்தார்.

அந்தக் கல்லறைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடங்களாகக் குழி வெட்டுகிறவர் அவர்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் அடைக்கலம் அவரைக் கேட்காமல் விடியற்காலையில் வந்து தானே ஒரு சின்னக் குழி வெட்டி மூடிவிட்டான் என்பதற்காக ஒரு மாதம் அவனோடு பேசாமல் இருந்தார். அந்தக் குழிக்குள் பழம் அனுப்பும் பலகைகளைச் சேர்த்து அடித்த மூன்றடிப் பெட்டி ஒன்று இருந்தது. பெட்டிக்குள், மதுரை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்த சந்தியாகுவின் வலது கால் இருப்பதாகப் பரமானந்தம் நம்பினார். அம்மா நம்பினாள். நேற்றுச் சாயங்காலம் செத்துப்போன சந்தியாகுவும் கடைசிவரை அப்படித்தான் நம்பினான். அதற்குள் இருப்பது ஒரு புளிய விறகு என்பது அவனுடைய அண்ணன் அடைக்கலம் ஒருவனுக்குத்தான் தெரியும்.

இன்று காலையில் அம்மா அழுது ஓய்ந்த ஒரு நேரத்தில் அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்.

“வெள்ளனே போயி அந்தப் பெட்டிய எடுத்துட்டு வந்துரு. அவனோட சேத்து வச்சிருவோம். ஆண்டவர் எழுப்புறப்ப எம்புள்ள ஒரு காலத் தேடிக்கிட்டு நிக்கக் கூடாது.”

அவன் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சந்தியாகு ஓடுவதற்கென்றே பிறந்தவன் என்று ஊரில் சொல்வார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. வீடு பள்ளத்தில் இருந்தது, பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது, அவன் எழுந்திருப்பது தாமதம். அவ்வளவுதான். பன்னிரண்டு வயதில் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வாடகைக் குதிரைகளோடு ஓட ஆரம்பித்தான். குதிரைமேல் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதல் வளைவு வரைக்கும் சிரித்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை. மதுரையில் ஒரு கல்லூரி, ஓடுகிறான் என்பதற்காகவே அவனைச் சேர்த்துக்கொண்டு விடுதியில் சோறும் போட்டது. அப்பா இல்லாத வீட்டில், மன்னவனூரிலிருந்து மட்டக்குதிரைகளில் வந்து இறங்கும் உருளைக்கிழங்கு மூட்டைகளை மதுரை லாரிக்கு ஏற்றுகிற அடைக்கலத்துக்கு, தம்பி பி.ஏ. படிக்கிறான் என்பதைவிட ஒரு மைல் ஓட்டத்தில் முதலாவதாக வருகிறான் என்பதுதான் பெருமை. படிப்பு அவனுக்குப் புரியாது. முதலாவது என்பது புரியும்.

அறுபதாம் வருடம் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சுளுக்கு என்றார்கள். அடைக்கலம் ஒரு மாதம் அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மூட்டை தூக்கும் கையால் எண்ணெய் போட்டு உருவினான். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, “மெதுவாண்ணே, இது கெழங்கு மூட்ட இல்ல” என்பான். வீக்கம் வற்றவில்லை. பிப்ரவரியில் மதுரைக்குக் கூட்டிப்போனார்கள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அடைக்கலத்தைத் தனியாக வரச் சொன்னார். சந்தியாகு விடவில்லை.

“ஓடுறது நான் சார். எங்கிட்டயே சொல்லுங்க.”

டாக்டர் சொன்னார். எலும்பில் கேன்சர். முட்டிக்கு மேலே எடுத்துவிட வேண்டும். எடுத்தாலும் உறுதி சொல்ல முடியாது. சந்தியாகு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “ஏப்ரல்ல மெட்ராஸ்ல ஸ்போர்ட்ஸ் மீட் இருக்கு சார்” என்றான். கொஞ்ச நேரம் அவன் தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, “அம்மாட்ட புத்துன்னு சொல்லாத. கட்டின்னு சொல்லு” என்றான்.

அம்மாவிடம் கட்டி என்றுதான் சொன்னார்கள். காலை எடுக்கப் போகிறார்கள் என்பதை மறைக்க முடியவில்லை. அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து அடைக்கலத்தின் கையில் கொடுத்தாள். பங்குச் சாமியாரிடம் கேட்டுவிட்டாளாம். மந்திரித்த கல்லறை மண்ணில் புதைப்பதுதான் முறை என்று சொன்னாராம்.

“எரிக்க விட்றாத. குப்பையில போட விட்றாத. சுத்திக் கொண்டா. நம்ம மண்ணுலயே வைப்போம்.”

அவன் வீட்டிலேயே பெட்டி அடித்தான். வைக்கோல் பரப்பினான். மதுரைக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். பத்து மணிக்குமேல் ஒரு சிப்பந்தி ரப்பர் துணி போர்த்திய ஒரு நீளத் தட்டை ஏந்திக்கொண்டு வந்தார்.

“எடுத்துட்டுப் போறீங்களா, நாங்களே எரிச்சிரட்டுமா? எரிக்கணும்னா கையெழுத்துப் போடணும்.”

அடைக்கலம் இரண்டு கைகளையும் நீட்டினான். தட்டு கைக்கு வந்தது. ரப்பர் துணி வழியாக மணிக்கட்டில் சூடு தெரிந்தது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் சூடு. அவன் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். துணியை விலக்கிப் பார்க்கவும் இல்லை. சிப்பந்தி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு விறகுக்கடை இருந்தது. ஒத்தை விறகு வாங்க வந்தவனைக் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அடைக்கலம் ஒவ்வொரு கட்டையாகத் தூக்கிப் பார்த்தான். ஒரு மாதம் மடியில் கிடந்த கால். அதன் கனம் அவன் கைக்குத் தெரியும். சரியான கட்டை கிடைத்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அம்மா கொடுத்த துணியில் அதைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, ஆணி அடித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்ததும் அம்மா அந்த இடத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றுவாள். சந்தியாகு கக்கத்தில் ஊன்றிய கட்டைக்கோலோடு வீட்டுக்கு வந்த அன்று, எங்கே வைத்தாய் என்று அண்ணனிடம் கேட்டான். சொன்னதும் சிரித்தான்.

“வலது காலு எப்பவும் ஒரு எட்டு முந்திதாண்ணே. பின்னாடியே போயி நான் புடிச்சிக்கிருவேன்.”

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவன் திட்டியிருப்பான், அல்லது சிரித்திருப்பான். அடைக்கலம் சொல்லவில்லை. ஆடி பிறந்ததும் தம்பிக்கு இருமல் வந்தது. டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அதற்குப் பிறகு சொல்வதற்கு வேளையே வரவில்லை. கடைசி வாரத்தில் அவன் மூச்சுக்குத் தவித்தபோது, குதிரையோடு ஓடி முடித்தபோதுகூட இவனுக்கு இப்படி மூச்சு வாங்கியதில்லையே என்று அடைக்கலம் நினைத்தான்.

மண்வெட்டி பலகையில் முட்டியது. பரமானந்தம் குழிக்குள் மண்டியிட்டுக் கையாலேயே மண்ணை ஒதுக்கினார். பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கினார். தூக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. உள்ளே என்னவோ உருண்டு பலகையில் முட்டியது.

அவர் அப்படியே நின்றார். இன்னொரு தடவை லேசாகச் சாய்த்துப் பார்த்தார். பிறகு மேட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏலே. என்னலே இது?”

அடைக்கலம் சொன்னான். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பரமானந்தம் குழியின் விளிம்பில் உட்கார்ந்து மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்தார். பற்ற வைக்கவில்லை.

“ஒங்கம்மாட்ட நான் மூச்சு விடமாட்டேன். ஆனா இத அவனோட போட்டு மூடமாட்டேன். இத்தன வருசத்துல ஒருத்தனையும் நான் ஏமாத்தி மூடல.”

“இன்னிக்கு ஒரு நாளுண்ணே. அம்மா தாங்காது.”

“அவனுக்கும் இன்னிக்கு ஒரு நாள்தாம்ல.”

பள்ளத்திலிருந்து மஞ்சு மூட்டம் ஏறி வந்து சிலுவைகளை மறைத்துக்கொண்டிருந்தது. அடைக்கலம் பெட்டியைப் பார்த்தபடி நின்றான்.

“மூணு மணிக்குப் பூசை,” என்றார் பரமானந்தம். “வெரசாப் போ. நான் என் சோலியப் பாக்குறேன்.”

வீட்டு வாசலில் மதுரையிலிருந்து வந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் பூவளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மெல்லிய சட்டையில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே, பெஞ்சுமேல் சவப்பெட்டி இருந்தது. வழக்கத்தைவிட அகலமான பெட்டி. ஆசாரியிடம் அம்மா அளவு சொல்லிச் செய்ய வைத்திருந்தாள். சந்தியாகுவை அதில் இடது ஓரமாகப் படுக்க வைத்திருந்தார்கள். வலது பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைத் துணி விரித்துக் காலியாகக் கிடந்தது. கால்சட்டையின் மடித்து ஊசி குத்தியிருந்த பக்கத்தை அம்மா அவிழ்த்து, நீளமாக நீவி விட்டிருந்தாள்.

“கொண்டாந்துட்டியா?”

“அம்மா.”

“வெளியவா வச்சிருக்க? உள்ள கொண்டா. சாமியார் வர்றதுக்குள்ள வச்சிருவோம்.”

அவன் பக்கத்தில் இருந்த பெண்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். அவன் அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

“அந்தப் பெட்டிக்குள்ள கால் இல்லம்மா.”

அம்மாவின் விரலில் நகர்ந்துகொண்டிருந்த செபமாலை நின்றது.

“நாய் இழுத்துருச்சா?”

“இல்லம்மா. நான் கொண்டாரவே இல்ல. ஆஸ்பத்திரியிலயே எரிச்சிட்டாங்க. நாந்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.”

“அப்ப பெட்டிக்குள்ள?”

“வெறகு.”

வாசலில் ஒரு பையன் இருமினான். அம்மா அடைக்கலத்தைப் பார்க்கவில்லை. காலியாகக் கிடந்த அந்த ஒரு சாண் இடத்தையே பார்த்தாள்.

“எட்டு மாசமா வெறகுக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கேன்.”

அவள் அடித்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

“ஏண்டா?”

“தூக்க முடியலம்மா.”

“மூட்ட தூக்குறவன் நீ.”

“ஆமாம்மா.”

அதற்குமேல் அவனால் முடியவில்லை. நேற்றிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, வாசலில் இருக்கிறவர்களுக்குக் கேட்காமல் அழுதான். அம்மா அவனைத் தொடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவன் ஓயும்வரை இருந்தாள்.

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“தெரியாமலே போயிட்டான்,” என்றாள். பிறகு, “நீதான கடைசியாப் பாத்த. எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள்.

பார்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா இருந்துச்சும்மா. முட்டிகிட்டதான் வீக்கம். கீழ ஒண்ணும் ஆகல. கெண்டைக்காலு அப்படியே உருண்டு தெரண்டு இருந்துச்சு.”

“நகம்? அன்னிக்கு வெட்டிவிடணும்னு இருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுன்னு நீ அவசரப்படுத்துன.”

“வெட்டியிருந்துச்சும்மா. நர்சம்மா வெட்டிவிட்டிருக்காங்க. கழுவித் தொடச்சு சுத்தமா இருந்துச்சு.”

“பெருவெரல் நகம் கருத்துக் கெடக்குமே. ஓடி ஓடி.”

“அது அப்படியேதாம்மா இருந்துச்சு.”

அம்மா தலையாட்டினாள். மெதுவாக, பலமுறை ஆட்டினாள். அவள் கண்ணிலிருந்து வடிந்ததை அவள் துடைக்கவில்லை.

கோவிலில் மணி அடித்தது. தூக்குகிறவர்கள் வாசலில் வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“தோளப் புடி,” என்றாள்.

“என்னம்மா?”

“ஓரமாக் கெடக்கான். நடுவுல படுக்க வைப்போம்.”

அடைக்கலம் எழுந்து தம்பியின் தோள்களுக்குக் கீழே கையைக் கொடுத்தான். அம்மா இடுப்புக்குக் கீழே கொடுத்தாள். கனமே இல்லை. நீவி விட்டிருந்த கால்சட்டைத் துணி பின்தங்கிவிட, அவள் அதையும் எடுத்து அவன் பக்கமாகச் சேர்த்து வைத்தாள். இப்போது இரண்டு பக்கமும் நான்கு விரல் அளவுக்கு ஒரே மாதிரி இடம் இருந்தது.